உபுண்டுவை மட்டும் எடுப்பதா, ஹார்ட் டிஸ்கையே ஃபார்மட் செய்வதா?

மகனின் காலேஜ் லேபுக்காக, தக்கலையில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டிருந்தோம். படிப்பு முடிந்துவிட்டது. ஆன் செய்ததும் விண்டோஸா உபுண்டுவா என்று கேட்கும் கருப்பு மெனு இனி யாருக்கும் வேண்டாம். இதற்கு மூன்று வழிகள்: அப்படியே விட்டுவிடுவது, உபுண்டுவை மட்டும் எடுப்பது, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. நான் எடுத்தது இரண்டாவது வழி, என் சார்பும் அதன் பக்கம்தான்.

விட்டுவிடுவதில் பெரிய தப்பில்லை. பயாஸ் (மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை புரோகிராம்) செட்டிங்கில் விண்டோஸை முதலில் வைத்தால் மெனு வராது. இடம் வீணாகும், அவ்வளவுதான்.

ஃபார்மட்டுக்குத்தான் ஊரில் ஆதரவு அதிகம். நாகர்கோவிலில் விசாரித்த இடங்களில் எல்லாம் "ஃபார்மட் பண்ணிரலாம்" என்பதே முதல் பதில். விண்டோஸ் லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் மற்றதெல்லாம்? பிரிண்டர் டிரைவர், தமிழ் கீபோர்டு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். எங்கள் வீட்டில் ரப்பர் ஷீட் கணக்கு டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. ஃபார்மட்டுக்கு முன்பே டாலி லைசென்ஸை சரண்டர் செய்யாவிட்டால் (இந்த மெஷினிலிருந்து விடுவிக்காவிட்டால்) அது தனித் தலைவலி. விண்டோஸே வைரஸ் பிடித்துத் திணறுகிறது, அல்லது மெஷினை விற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் மறுபேச்சில்லாமல் ஃபார்மட்தான்.

உபுண்டுவை மட்டும் எடுப்பதில் எல்லாம் ஒரே விஷயத்தில் நிற்கிறது: மெஷின் எழும்பும்போது யார் கையில் எழும்புகிறது? மெனுவைக் காட்டும் கிரப் என்ற புரோகிராம் இரண்டு இடத்தில் குடியிருக்கிறது. முதல் துண்டு, இஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷனில் (டிஸ்கில் பிரித்து வைத்த ஒரு பகுதி). அதற்கு வேண்டிய விவரமெல்லாம் உபுண்டுவின் பார்ட்டிஷனில். உபுண்டு பார்ட்டிஷனை முதலிலேயே அழித்தால், முதல் துண்டு எழுந்து மீதியைத் தேடும், கிடைக்காது, "கிரப்" என்று எழுதிய வெறும் திரையில் நின்றுவிடும். "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்று பலரும் கடைக்கு ஓடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எதிலிருந்து எழும்ப வேண்டும் என்று மெஷினே காட்டும் பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் எழுந்துவிடும்.

அந்தப் பதற்றமே வேண்டாம் என்றால் வரிசை மாறக் கூடாது. உபுண்டுவில் இருக்கும் ஃபைல்களை முதலில் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அந்தப் பார்ட்டிஷனைத் தானாகப் படிக்காது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பூட் வரிசையை மாற்றினால் அதைக் கேட்க வாய்ப்புண்டு. அப்புறம் பயாஸுக்குள் போய் (டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10) விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றுங்கள். ரீஸ்டார்ட் செய்து, கருப்பு மெனு இல்லாமல் நேராக விண்டோஸ் வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் அடுத்த வேலை.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவ் எழுத்தும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிரைவின் வகை) என்ற பெயரும் இல்லாமல் பெரிதாகக் கிடப்பது உபுண்டுவாக இருக்கும். உபுண்டுவுக்கு ஒதுக்கிய ஜிபி அளவோடு ஒத்துப் பார்த்துவிட்டு டெலீட் செய்யுங்கள். சுமார் 100 எம்பியில் இருக்கும் இஎஃப்ஐயையும், ரெக்கவரி என்று எழுதியதையும் தொடவே கூடாது.

இனி, காலியான இடம். சி டிரைவை நீட்டலாம் என்று பார்த்தால் "எக்ஸ்டெண்ட்" மங்கலாக இருக்கலாம். நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். காலி இடம் சி-க்கு அடுத்து ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் இருப்பதை நகர்த்த வேறு மென்பொருட்கள் உண்டு. ஆனால் நகர்த்தும்போது கரண்ட் போனால் அந்தப் பார்ட்டிஷன் கந்தல். நம்ம மாவட்டத்துக்கோ ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி இடிமழையும் உண்டு. மாமரக் கொப்பு ஒன்று கம்பியில் விழுந்தால் போதும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அந்த வேலைக்கு நான் போகவில்லை. காலி இடத்தைப் புது டிரைவாக ஆக்கி, போட்டோக்களையும் வீடியோக்களையும் அங்கே மாற்றினேன். சி டிரைவில் மூச்சுவிட இடம் கிடைத்தது.

இவ்வளவும் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) உள்ள மெஷினுக்கு. பழைய பயாஸ் மெஷினில் நான் கைவைத்ததில்லை. அங்கே கிரப்பின் முதல் துண்டு டிஸ்கின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பூட் மெனுவில் தப்பிக்க வழியில்லை, விண்டோஸ் பென் டிரைவால் பூட் செய்து எம்பிஆரை (அந்தத் தொடக்கப் பகுதியை) சரிசெய்ய வேண்டும். அப்படிப்பட்ட மெஷின் என்றால் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தயார் செய்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் கடைக்காரர் சொல்கிற ஃபார்மட்டே மேல்.

பூட் பட்டியலில் உபுண்டு என்ற பெயர் மட்டும் சிலசமயம் ஒட்டிக்கொண்டிருக்கும். இஎஃப்ஐக்குள் இருக்கும் அதன் ஃபோல்டரையும் அந்தப் பெயரையும் கமாண்ட் பிராம்ப்ட்டில் நீக்கலாம். எனக்கு அது தொந்தரவாக இல்லை, விட்டுவிட்டேன்.