பெரிய பூட்ஸா, இருப்பதையே சரிசெய்வதா?

ஜப்பானின் ஹொக்கைடோவில் ஸ்கீ டூரிங் (ஸ்கீயை மாட்டிக்கொண்டே பனிமலை ஏறி, சறுக்கி இறங்குவது) போய்வந்து விரல் வலிக்கிறது என்றால், நம்மவர்கள் சொல்லும் முதல் யோசனை: “ஒரு சைஸ் பெரிசா வாங்கு.”

ஏறும்போது அது சுகம்தான். இறங்கும்போதுதான் சிக்கல். குதிகாலுக்குப் பிடிப்பில்லாமல் பாதம் முன்னால் வழுக்கும்; பெருவிரல் நகம் இடித்து இடித்துக் கறுத்துப்போகும். அதைத் தடுக்கப் பக்கிளை இறுக்கினால் மேல்பாதம் அமுங்கி விரல்கள் மரத்துவிடும்.

இன்னொரு வழி, பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தென்ற உறையான லைனரைச் சூடாக்கிக் காலுக்கேற்ப வார்ப்பது. போதாவிட்டால் வலிக்கும் இடத்தில் மட்டும் ஷெல்லை, அதாவது கெட்டியான பிளாஸ்டிக் வெளிக்கூட்டைச் சூடாக்கி வெளியே தள்ளுவது. அகலமான முன்பாதம், சிறுவிரல் பக்க வலி என்றால் என் ஓட்டு இதற்கே. ஆனால் பல டூரிங் பூட்ஸில் இருக்கும் கிரிலமிட் பிளாஸ்டிக், பாலியூரித்தேன் போல எளிதில் வளைந்துகொடுக்காது. அனுபவமுள்ள கை வேண்டும்.

எது உங்களுக்கு? லைனரைக் கழற்றிவிட்டு, விரல் முனை முன்னால் தொடும்படி வெறும் ஷெல்லில் நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் 1.5 முதல் 2 செ.மீ. இடைவெளி இருந்தால் நீளம் சரி, இருப்பதையே சரிசெய்தால் போதும். 1 செ.மீ.கூட இல்லையா, பெரிய சைஸ்தான். அப்புறம் ஒன்று: 26, 26.5 சைஸ் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே ஷெல். அரை சைஸ் ஏற்றிக் காசை விடாதீர்கள்.

எதுவானாலும், கிளம்புமுன் வீட்டில் ஏர்கான் போட்டு ஒரு மணி நேரம் பூட்ஸோடு நடந்து பாருங்கள், கீழ்மாடி ஆன்ட்டி கதவைத் தட்டாதவரை.