ஸ்பானிஷ் வகுப்புக்கு எந்தத் தொடர்: தெஸ்தினோஸா, எல் இன்தெர்னாதோவா?

இரண்டாம் நிலை ஸ்பானிஷ் மாணவர்களுக்கு ஒரு தொடரையே ஆண்டு முழுக்கப் பாடமாக ஓட்டலாம் என்று முடிவெடுத்தபோது, கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு. ஒன்று, மொழி கற்பவர்களுக்கென்றே எடுக்கப்பட்டு 1992இல் வந்த 'தெஸ்தினோஸ்'. இன்னொன்று, ஸ்பெயினின் ஆன்தெனா 3 தொலைக்காட்சியில் 2007 முதல் 2010 வரை ஓடிய 'எல் இன்தெர்னாதோ'. நான் இரண்டாவதை எடுத்தேன். அதனால் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

தெஸ்தினோஸ் 52 பாகம், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். மெக்சிகோவில் படுக்கையில் கிடக்கும் தோன் ஃபெர்னாந்தோ என்ற முதியவருக்கு ஒரு கடிதம் வருகிறது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில், கெர்னிகா குண்டுவீச்சில் இறந்துவிட்டதாக அவர் நம்பிய முதல் மனைவியைப் பற்றியது அது. உண்மையைக் கண்டுபிடிக்க ரகெல் என்ற வழக்கறிஞர் ஸ்பெயின், அர்ஜென்டினா, புவேர்த்தோ ரிக்கோ என்று அலைகிறார். நாட்டுக்கு நாடு உச்சரிப்பு மாறுவது காதில் விழும். பேச்சு நிதானமானது. உடைகளும் தொலைபேசிகளும் பழையவைதான், ஆனால் அது பெரிய குறையில்லை. தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எல் இன்தெர்னாதோ வேறு ரகம். காட்டுக்கு நடுவே லகூனா நேக்ரா என்ற விடுதிப் பள்ளி. பெற்றோர் கடலில் காணாமல்போக, மார்கோஸும் தங்கை பவுலாவும் அங்கே வந்து சேர்கிறார்கள். மனநல மருத்துவமனையிலிருந்து தப்பித்த மரியா, தன் மகனைத் தேடி அங்கேயே பணிப்பெண்ணாக நுழைகிறாள். எல்லாருக்கும் ஒரு ரகசியம். (இன்று ஹாலிவுட்டில் தெரிந்த முகமான ஆனா தே ஆர்மாஸ் இதில் மாணவியாக வருகிறார். இது தெரிந்ததும் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.)

பேச்சு வேகம்தானே சிக்கல்? ஆமாம். பெரியவர்கள் சண்டை போடும் காட்சிகளில் மாணவர்களுக்குப் பிடிபடுவது சொற்பம். பாடநூல்கள் பல ஒதுக்கிவைக்கும் 'வோசோத்ரோஸ்' வடிவம் (ஸ்பெயினில் நெருங்கியவர்கள் பலரைப் பார்த்துச் சொல்லும் 'நீங்கள்') வேறு வரிக்கு வரி வரும். சின்னப் பிள்ளைகளான பவுலாவும் எவ்லினும் பேசிக்கொள்ளும் காட்சிகள்தான் கைகொடுக்கும். அங்கே வாக்கியங்கள் சின்னவை, எளியவை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது கேட்கும் திறன் இல்லை. திரையை நிறுத்திய பிறகு மாணவர்களிடம் பேச என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான். தெஸ்தினோஸில் பின்னணிக் குரல் நடந்ததைச் சுருக்கிச் சொல்லும், கேள்வியும் கேட்கும், விளக்கமும் தந்துவிடும். வீட்டில் இருப்பவருக்கு அது வரம். வகுப்பிலோ, மாணவர் செய்ய வேண்டிய வேலையை அந்தக் குரலே செய்துவிடுகிறது. எல் இன்தெர்னாதோ யாரையும் கைப்பிடித்து நடத்துவதில்லை. பத்து நிமிடம் ஓட்டி, ஒருவர் கதவைத் திறக்கும் நொடியில் நிறுத்தினால் போதும். யார் பொய் சொல்கிறார், நிலவறையில் என்ன இருக்கிறது என்று ஊகங்கள் கிளம்பும். 'க்ரேஓ கே' (நான் நினைக்கிறேன்) என்று தொடங்கி ஒருத்தி தன் சந்தேகத்தைச் சொல்வாள். 'நோ க்ரேஓ கே சேஆ' (அப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை) என்று இன்னொருவன் மறுப்பான். பயிற்சித்தாளில் வேண்டாவெறுப்பாக நிரப்பிய சப்ஜங்க்டிவ் (சந்தேகம், மறுப்பு போன்றவற்றைச் சொல்லும்போது வரும் 'சேஆ' போன்ற வினை வடிவம்), இங்கே எதிராளியை மடக்கும் ஆயுதமாகிவிடுகிறது. வினைச்சொல் தப்பாக வரும்தான். அப்புறம் திருத்திக்கொள்ளலாம், முதலில் வாய் திறக்கட்டும்.

இதற்கு விலை ஆசிரியரின் உழைப்பு. ஒரு பாகமே ஒரு மணி நேரத்தைத் தாண்டும், ஒரு வகுப்பில் அடங்காது. எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். வன்முறையும் படுக்கையறைக் காட்சிகளும் உண்டு. முன்னோட்டம் பார்க்காமல் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்பானிஷ் துணையுரை பேச்சோடு எப்போதும் பொருந்துவதில்லை என்பதால் முக்கியமான வசனங்களை நானே தட்டச்சு செய்து தருகிறேன். ஸ்ட்ரீமிங் தளங்கள் ஒரு தொடரை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடும், அதையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே யோசிக்க வேண்டும். தெஸ்தினோஸில் இந்தப் பாடு எதுவும் இல்லை, பாடத்திட்டமே கதைக்குள் இருக்கிறது.

முந்திப் பார்க்கும் மாணவர்கள் தனித் தலைவலி. தடுக்க முடியாது. முடிவைச் சொல்லிவிடாமல் குறிப்பு மட்டும் ஸ்பானிஷில் கொடுக்கச் சொல்லி, அவர்களையே வினாடிவினா நடத்த விடுகிறேன்.

'கிரான் ஓதெல்' தொடரையும் சிலர் பரிந்துரைப்பார்கள். 1905இல் நடக்கும் கதை. முதலாளி வீட்டுப் பெண்ணும் பரிமாறுபவனும் காதலிக்கும் கதையில், 'உஸ்தேத்' (நீங்கள்), 'தூ' (நீ) என்ற மரியாதை வேறுபாடு தானாகவே விளங்கிவிடும். பிடித்த தொடர்தான். ஆனால் தனிக் காட்சிகளாகத்தான் வகுப்பில் காட்டியிருக்கிறேன், ஆண்டு முழுக்க ஓட்டினால் தாங்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஸ்பானிஷை எழுத்திலிருந்தே புதிதாகத் தொடங்குபவர்களிடம் எல் இன்தெர்னாதோவை நான் முயன்றதில்லை. அவர்களுக்கு ஒலியை அணைத்துவிட்டு, காட்சியை ஆசிரியரே எளிய ஸ்பானிஷில் கதையாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அதற்குத் தெம்பில்லை என்றால் தெஸ்தினோஸில் தொடங்கிவிடுங்கள்.