பெட் ஸ்கேனில் இதய ரத்த ஓட்டம்: மென்பொருள் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ருபிடியம்-82 என்ற கதிரியக்கப் பொருளை ரத்தத்தில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன்களில் இதயத் தசையின் ரத்த ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள் ஒன்றைச் சில வருடங்களாகத் தினமும் ஓட்டி வருகிறேன். பெயர் வேண்டாம். சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த வகை மென்பொருள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஸ்கேனை இரண்டு பேர் தனித்தனியாக ஓட்டினாலும் ஏறக்குறைய ஒரே விடைதான் வருகிறது. இதயச் சுவரின் எல்லையைத் தானே கண்டுபிடித்து வரைந்துவிடும், நாம் கை வைக்கும் இடம் குறைவு. ஆனால் மாறாமல் வருவது ஒன்று, சரியாக வருவது வேறொன்று. தப்பையும் அது மாறாமல் சொல்லும்!

பெரிய தலைவலி, நோயாளி நகர்வதுதான். ஒரு ஸ்ட்ரெஸ் ஸ்கேனில் (இதய ரத்த ஓட்டத்தைத் தூண்டிக் கூட்டி எடுப்பது) வலது கரோனரி தமனி ரத்தம் தரும் தசைப் பகுதியின் எண் மட்டும், மற்ற இரண்டு கரோனரி தமனிகளின் பகுதிகளையும் விட ஏகத்துக்கு உயர்ந்து நின்றது. ஃபிரேம்களை, அதாவது ஸ்கேனில் அடுத்தடுத்து பதிவான படங்களை, ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தால், ருபிடியம் உள்ளே நுழையும் ஆரம்ப நொடிகளில் வலது வென்ட்ரிக்கிளில் (இதயத்தின் வலது கீழறை) இருந்த ரத்தம், மென்பொருள் வரைந்த தசைக் கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. அதையும் தசை வாங்கிக்கொண்ட ருபிடியமாக மென்பொருள் எண்ணிவிட்டது. ஃபிரேம்களைக் கையால் சரிசெய்ததும் எண் இறங்கி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. இத்தனைக்கும் திரையில் ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. எனக்கு இதன் மேல் உள்ள தீராத கோபம் இதுதான்.

ஸ்ட்ரெஸ் ஓட்டத்தை, ஓய்வில் அளந்த ரெஸ்ட் ஓட்டத்தால் வகுத்த ரிசர்வ் எண்ணைப் பார்த்தால் போதும் என்பார்கள். இரண்டிலும் ஒரே அளவில் புகுந்த பிழை வகுக்கும்போது அடிபட்டுப்போகும், உண்மைதான். ஸ்ட்ரெஸ்ஸில் மட்டும் நேர்ந்த அசைவு அப்படிப் போகாது. ரத்த அழுத்தம் கூடியவருக்கு ரெஸ்ட் ஓட்டமே உயர்ந்திருக்கும். ஸ்ட்ரெஸ் ஓட்டம் நன்றாக இருந்தும் ரிசர்வ் 2-க்குக் கீழே வந்து பயமுறுத்தும். அதனால் மூன்று எண்களையும் சேர்த்தே ரிப்போர்ட்டில் எழுதுகிறேன்.

வேறு இடத்தில் எடுத்த பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போது இன்னும் கவனம் தேவை. 2014-இல் வெளியான ரூபி-10 ஆய்வில் பத்து மென்பொருள்களுக்கு ஒரே ஸ்கேன்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். லார்ட்டி என்ற ஆய்வாளரின் குழு 2007-இல் வெளியிட்ட, ஸ்கேனிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடும் கணித மாதிரியைப் பயன்படுத்தியவை தங்களுக்குள் நன்றாக ஒத்துப்போயின. வேறு மாதிரிகள் விலகின. ஆகவே நோயாளியின் ஓட்டம் குறைந்துவிட்டது என்று எழுதுமுன், இரண்டு ரிப்போர்ட்டுக்கும் மென்பொருளும் மாதிரியும் ஒன்றுதானா என்று பாருங்கள். முடிந்தால் பழைய ஸ்கேனை வாங்கி உங்களுடையதிலேயே மறுபடி ஓட்டுங்கள். புதிய பதிப்பு நிறுவினாலும் இதே வேலைதான்.

வாங்கும் எண்ணம் இருந்தால், விற்பனையாளர் கொண்டுவரும் பளிச்சென்ற ஸ்கேனை டெமோவில் பார்த்துத் தலையாட்டாதீர்கள். நோயாளி நன்றாக நகர்ந்த உங்கள் ஸ்கேன் ஒன்றைக் கொடுங்கள். அசைவைத் தானாகக் கண்டுபிடிக்கிறதா, திருத்திய பின் முன்னும் பின்னும் இருந்த எண்களை அருகருகே காட்டுகிறதா என்று பாருங்கள். என்னிடம் இருப்பது இரண்டாவதை மட்டும் செய்கிறது.