செத்த நாய்க்குப் போட்ட பில்: ஐந்துக்கு நாலு ஸ்டார்

தஞ்சாவூரில் இந்தக் கால்நடை டாக்டரிடம் உயிரோடு இருக்கும் நாயைக் கொண்டுபோகிறவர்கள்தான் அதிகம். நான் கொண்டுபோனது செத்த நாய். அதனால் நான் சொல்வது அவருடைய போஸ்ட்மார்ட்டம் வேலையைப் பற்றி மட்டும். பேர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

பாபநாசம் பக்கம் எங்கள் வாழைக்கொல்லையில் காவலுக்குக் கிடந்த நாட்டு நாய் கறுப்பன். முதலில் கண்ணில் பீளை, மூக்கில் சளி, பிறகு கழிச்சல். தேறிவிட்டான் என்று நினைத்த நேரத்தில் தாடை எதையோ மெல்கிற மாதிரி ஆட, பின்னங்கால் வெட்டி வெட்டி இழுத்தது. வேறொரு கிளினிக்கில் மூக்குச்சளியை எடுத்து சோதனை அட்டையில் சொட்டுவிட்டு, டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வருகிற ஒரு வைரஸ் நோய்) இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவன் செத்ததும் ஊரில் ஒரே பேச்சு, யாரோ குருணை மருந்தைக் கருவாட்டில் வைத்துவிட்டார்கள் என்று. பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் எங்களுக்கும் தண்ணி முறையில் தகராறு இருந்ததால் கை அவரை நோக்கி நீண்டது. அண்ணன் போலீசுக்கே கிளம்பிவிட்டான். அறுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான்தான் நிறுத்தினேன்.

போனில் கேட்டதற்கு டாக்டர் சொன்னது: ஃப்ரீசரில் வைக்காதீங்க, சுத்தி ஐஸ் போட்டு சீக்கிரம் கொண்டாங்க. உறைந்தால் செல் உடைந்துவிடுமாம், பிறகு மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாதாம். மீன்கடைத் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோனோம்.

கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் தொட்டார். இழுப்பு வந்து செத்த நாய் என்றால் ரேபிஸ் இல்லை என்று தெரிகிற வரைக்கும் ரேபிஸ் மாதிரிதான் பார்ப்பாராம். மூளையில் ஒரு பகுதி முதலில் அந்தச் சோதனைக்குப் போனது. கறுப்பனுக்குக் கஞ்சி ஊற்றியது அம்மா என்றதும், "ரிசல்ட் வரட்டும்னு இருக்காதீங்க, இன்னிக்கே அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுடுங்க" என்றார். இதற்கே ஒரு ஸ்டார்.

நுரையீரல், மண்ணீரல், வயிறு, மூத்திரப்பை, சிறுமூளை என்று ஒவ்வொன்றிலும் மெல்லிசாகச் சீவி, பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்றிய அகல வாய் பாட்டிலில் போட்டார். கனமாகப் போட்டால் மருந்து இறங்குவதற்குள் நடுவில் அழுகிவிடும் என்றார். கொஞ்சம் திசுவை ஃபார்மலின் போடாமல் பிசிஆருக்கு, அதாவது வைரஸின் மரபணுவைத் தேடுகிற சோதனைக்கு, ஐஸில் வைத்தார். வயிற்றில் கிடந்ததைத் தனி டப்பாவில் எடுத்துக்கொண்டார், விஷம் பார்க்க வேண்டிவந்தால் என்று.

ரிப்போர்ட் வந்த அன்று ஸ்லைடு படத்தை போனில் காட்டினார். மூத்திரப்பையின் உள்தோல். செல்லின் கரு நீலமாக இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு உருண்டை. ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு எங்கு பார்த்தாலும் அதுதான் தெரிகிறது. வைரஸின் புரதம் சேர்ந்து கட்டிய உருண்டையாம். ரேபிஸிலும் இப்படி ஒன்று உண்டு, ஆனால் அது நரம்பு செல்லில் கருவுக்கு வெளியே மட்டும் இருக்கும். டிஸ்டெம்பரில் கருவுக்கு உள்ளேயும் இருக்கும். சிறுமூளையின் வெள்ளைப் பகுதியில் நரம்பின் உறை கழன்று ஓட்டை ஓட்டையாக இருந்தது. கால் இழுத்ததற்குக் காரணம் நரம்பு மண்டலத்தில் இந்த வைரஸ் புகுந்ததுதான். ரேபிஸ் இல்லை என்று முன்னாலேயே வந்திருந்தது. பிசிஆரும் டிஸ்டெம்பர்தான் என்றது.

அப்படியானால் அட்டையில் ஏன் வரவில்லை? இழுப்பு வருகிற கட்டத்தில் மூக்கிலும் கண்ணிலும் வைரஸ் குறைந்துபோயிருக்கலாம், மூளை, மூத்திரப்பை மாதிரி இடங்களில் தங்கியிருக்கும் என்றார். அதே மாதிரி, நாள்பட்டால் இந்த உருண்டையும் காணாமல் போகலாம், அதனால் உருண்டை இல்லை என்பதை வைத்து டிஸ்டெம்பர் இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்களையே கொன்ற நோய் இது. நாங்கள் கருவாட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

பக்கத்துக் கொல்லைக்காரரிடம் ரிப்போர்ட்டை அண்ணனே கொண்டுபோய்க் காட்டினான். அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை, "உக்காருப்பா, டீ சாப்பிடு" என்றார். தண்ணி முறைத் தகராறு அது பாட்டுக்கு இருக்கிறது. மிச்ச நாய்களுக்கு டிஸ்டெம்பர் தடுப்பூசி போட்டாயிற்று. குட்டிகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். இந்த வைரஸ் சோப்புக்கும் வெயிலுக்கும் தாங்காது என்பதால் கொட்டகையைக் கழுவிக் காயப்போட்டதே போதும் என்றார்.

குறை இல்லாமல் இல்லை. பிசிஆருக்கும் கூரியருக்கும் தனிக் காசு என்று முதலிலேயே சொல்லவில்லை, பில் இரண்டு மூட்டை நெல் விலையைத் தாண்டிவிட்டது. ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ். அவர் உட்கார்ந்து சொல்லாவிட்டால் எனக்கு ஒரு வரி புரிந்திருக்காது. இடையில் போன் செய்தால் எடுப்பதே இல்லை.

செலவுக்கு யோசிக்கிறவர்கள் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரித்துப் பாருங்கள். இவரிடமே வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு உதவியாள் வருவதில்லை.