மோட்டார் பெட்டிக்குள் எத்தனை பூட்டுச் சிலிண்டர்? பினாங்கில் நடமாடும் பூட்டுக்காரருக்கு நான்கு வழிகள்

"அண்ணே, சாதாரண கதவுப் பூட்டுதான், சாவி தொலைஞ்சிருச்சு" என்று போனில் சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவருக்கு அது சாதாரணம்தான். ஆனால் ஜெலுத்தோங் ஃபிளாட்டின் சாதாரணப் பூட்டும், பாயான் லெப்பாஸ் கொண்டோவின் சாதாரணப் பூட்டும், பட்டர்வொர்த் தாமான் வீட்டின் சாதாரணப் பூட்டும் ஒன்றுக்கொன்று 5 மில்லிமீட்டரிலும் 10 மில்லிமீட்டரிலும் வேறுபடும். கையில் அந்த அளவு சிலிண்டர், அதாவது சாவி நுழையும் உள்துண்டு, இல்லையென்றால், அதற்காகத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் தாண்டித் திரும்ப வேண்டியிருக்கும். முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். சாயங்கால நெரிசலில் ஒரு சிலிண்டருக்காக இரண்டு முறை கடந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

சிக்கல் எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். யூரோ வகைச் சிலிண்டரின் நீளத்தை நடுவிலுள்ள திருகுத் துளையிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியே அளக்கிறோம். ஒவ்வொரு பக்கமும் 30, 35, 40, 45, 50 என்று ஐந்து அளவு வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் சாவி போடும் வகையில் 15 சேர்க்கை வரும். உள்பக்கம் திருகுபிடி உள்ள வகையில் எந்தப் பக்கம் நீளம் என்பதும் முக்கியம் என்பதால் 25 சேர்க்கை. மொத்தம் 40. வெள்ளி நிறம், பித்தளை நிறம் என்று இரண்டு வைத்தால் 80. ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 200 கிராம் என்றால் வகைக்கு ஒன்று வைத்தாலே 16 கிலோ ஆகிவிடும். மோட்டார் சைக்கிள் பின்பெட்டிகள் பலவற்றின் உள்ளே எழுதியிருக்கும் எடை வரம்பு 10 கிலோவைத் தாண்டாது. கருவிகளை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதைச் சமாளிக்க ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள்.

நிலையான அளவுகளை வாங்கி அடுக்குவது

வேகத்தில் இதை எதுவும் வெல்லாது. உறையைப் பிரித்து, சிலிண்டரைச் செருகி, எம்5 திருகை முடுக்கினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். சிறு பாகம் எதுவும் கிடையாது, மழையில் நின்றும் செய்யலாம். விலையும் குறைவு.

எந்த அளவு அதிகம் போகும் என்பதைக் கதவே சொல்லிவிடும். 40 மி.மீ. மரக்கதவு, இரு பக்கமும் 10 மி.மீ. கைப்பிடித் தட்டு: கூட்டினால் 60. அதாவது 30/30. கதவு 45 ஆகவும் தட்டு சற்றுத் தடிப்பாகவும் இருந்தால் 35/35. இந்த இரண்டும்தான் ஓடும் குதிரைகள். இவற்றில் கை வறண்டு போகக்கூடாது.

பலர் ஏமாறுவது 65-இல். அட்டையில் வெறும் 65 என்றுதான் இருக்கும். உள்ளே இருப்பது 30/35 ஆகவும் இருக்கலாம், 32.5/32.5 ஆகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து போட்டால் கதவின் முன் நின்று ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்க வேண்டும். வாங்கி வந்த அன்றே அளந்து உறைமேல் மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

இந்த வழியின் பலவீனம் நீள அளவுகள். 45/50 வருடத்துக்கு எத்தனை முறை கேட்கப்படும்? ஆனால் கேட்கும்போது வேறு எதுவும் பொருந்தாது. அதற்காக வாங்கி வைத்தால் பணம் அதில் உறங்கும்.

மாடுலர் தொகுப்பு

ஈவா, மல்-டி-லாக் போன்ற கம்பெனிகள் சிலிண்டரைத் துண்டுகளாகத் தருகின்றன. இரண்டு பக்க உடல், நடுவில் தாழைத் தள்ளும் கேம், இணைக்கும் எஃகுப் பட்டை, நீட்டிக்க 5 மி.மீ. படிகளில் துண்டுகள். மேலே சொன்ன சேர்க்கைகளை ஒரு கைப்பைக்குள் அடக்கலாம். காலி நேரத்தில் கட்டினால் அழகாக இருக்கும். இரவு பத்து மணிக்கு, கொண்டோ நடைபாதையில், தலைவிளக்கு வெளிச்சத்தில் கட்டும்போதுதான் தவறு வரும்.

வரும் தவறுகள் பெரும்பாலும் இரண்டு. பட்டையைப் பிடிக்கும் பின் முழுதாக இறங்காமல் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். சிலிண்டர், கதவுக்குள் பதித்த பூட்டுப்பெட்டியான கேஸுக்குள் பாதி போய் இறுகிக்கொள்ளும். சுத்தியால் தட்டினால் கேஸும் போச்சு. அடுத்தது, துண்டை நீட்டியவர் உள்ளே கேமைச் சுழற்றும் இணைப்புத் துண்டை அந்த நீளத்துக்கு மாற்றாமல் விடுவது. சாவி சுற்றும், தாழ் நகராது. ஆகவே கதவில் போடுமுன் கையில் வைத்தே இரு பக்கமும் முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். ஒரு கம்பெனியின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதால் ஒரே கம்பெனியில் நிலைக்க வேண்டும்.

விலை அதிகம்தான். ஆனால் எஃகுப் பட்டை இருப்பதால் நடுவில் முறிப்பது கடினம். அதை வீட்டுக்காரருக்குச் சொல்லி அதற்கேற்ற விலை வாங்கலாம்.

அளவே தேவைப்படாத வழி: பின் மாற்றுவது

கூலிமில் இருந்து வந்து குளுகோரில் யுஎஸ்எம் பல்கலைக்கழகம் அருகே அறை எடுத்த மாணவர் காலி செய்துவிட்டார், சாவி எத்தனை பேரிடம் இருக்கிறதோ தெரியாது என்று வீட்டுக்காரர் அழைக்கிறார். பூட்டு நன்றாக இருக்கிறது. இங்கே புதுச் சிலிண்டர் எதற்கு? உள்ளே சாவியின் வெட்டுகளுக்கு ஏற்ப நிற்கும் சிறு உலோகப் பின்களை மாற்றிப் புதுச் சாவி கொடுத்தால் எந்த நீளமாக இருந்தாலும் கவலையில்லை. இருப்புச் சுமையைக் குறைப்பதில் இதற்கு இணை இல்லை. பலர் இதைக் கற்காமலேயே சிலிண்டர் வாங்கிக் குவிப்பது வருத்தமாக இருக்கிறது.

கதவின் ஓரத்துத் திருகைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பி கேமை உடலோடு நேராக்கினால் சிலிண்டர் வெளியே வரும். பிடித்திருக்கும் வளையக் கிளிப்பான சர்கிளிப்பைக் கழற்றி, ஃபாலோயர் என்னும் உருளைக் கம்பியால், சாவியோடு சுழலும் பிளக்கைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். ஃபாலோயரின் விட்டம் பிளக்கின் விட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். சன்னமாக இருந்தால் மேல் பின்களும் சுருள்களும் இடைவெளியில் துள்ளி விழும், அப்புறம் தரையில் தேட வேண்டியதுதான். ஃபாலோயருக்கும் பிளக்குக்கும் நடுவே துளியும் இடைவெளி விடாதீர்கள். புதுச் சாவியைச் செருகி, ஒவ்வொரு பின்னின் தலையும் பிளக்கின் மேற்பரப்போடு சமமாக நிற்கும்வரை மாற்றுங்கள். கதவைத் திறந்து வைத்தே பல முறை பூட்டித் திறந்து பாருங்கள்.

இது எப்போது உதவாது? துளையிட்டு உடைத்த சிலிண்டருக்கு உதவாது. குழிச்சாவி (பல்லுக்குப் பதில் குழிகள் உள்ள சாவி) வகைகளில் பின் அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பொதுவான பின்கள் உள்ள பெட்டி போதாது. தஞ்சோங் தொக்கோங், பத்து ஃபெரிங்கி போன்ற கடலோர வீடுகளில் சர்கிளிப் துருவேறி, கழற்றும்போதே ஒடியும். மாற்று சர்கிளிப் கையில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

குறைவாக எடுத்துப் போய், கடையில் ஆர்டர் செய்வது

கதவைக் குடைந்து பதிக்கும் மோர்டிஸ் கேஸுக்கு இதுதான் சரி. அதில் மாறும் அளவுகள் ஒன்றோடொன்று பின்னியவை: கதவு விளிம்பிலிருந்து சாவித்துளைக்குள்ள பேக்செட், கைப்பிடிக்கும் சாவித்துளைக்கும் இடைப்பட்ட தூரம், முகத்தட்டின் அகலம். அலுமினியக் கதவில் பேக்செட் 25, 30. மரக்கதவில் 50, 55, 60. நடுத்தூரம் 72 அல்லது 85. 85 இருந்த இடத்தில் 72 கேஸைப் போட்டால் பழைய கைப்பிடித் தட்டின் துளைகள் எதுவும் நேராக வராது. இதையெல்லாம் தூக்கிச் சுமப்பது வீண்.

அடுக்குமாடிகளில் வாசற்கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கேஸுக்காகப் புதிதாகக் கதவைக் குடைந்தால் அதன் தீத்தடுப்புத் திறன் கெடும். அதே அளவு கேஸ் கிடைக்கும்வரை காத்திருப்பதே முறை.

சிலிண்டருக்கு இந்த வழி சரிப்படாது. பூட்டாத வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள். அதனால் கிளம்புமுன் வாட்ஸ்அப்பில் வெளிமுகம், உள்முகம், கதவின் ஓரம் என்று மூன்று படம் கேளுங்கள், மூன்றாவதில் ரூலரை வைத்து. ஓரத்தில் தெரியும் திருகின் நடுவிலிருந்து இரு பக்கமும் அளவு கிடைத்துவிடும். வெளியே மாட்டிக்கொண்டவரால் வெளிமுகத்தை மட்டுமே படம் எடுக்க முடியும். உள்பக்கம் 30-ஆ 40-ஆ என்பது கதவைத் திறந்த பிறகுதான் தெரியும். இப்படிப்பட்ட அழைப்புகளுக்காகத்தான் பெட்டியில் இருப்பு வேண்டும்.

சரியான அளவு இல்லாமல் பெரியதைப் போட நேர்ந்தால், நீட்டம் உள்பக்கம் வரும்படி போடுங்கள். வெளியே 3 மி.மீ.க்கு மேல் நீண்டால் ஸ்பானரால் பிடித்து முறிக்க இடம் கொடுக்கிறது. சிலிண்டர் முறிவது திருகுத் துளை இருக்கும் நடுப்பகுதியில்தான், அங்கே பித்தளை மிக மெலிது. வெளிப்பக்கமே நீள வேண்டியிருந்தால் 5 அல்லது 8 மி.மீ. தடிப்புள்ள எஃகு மூடித் தட்டைச் சேர்த்து மறைக்கலாம். இரண்டு தட்டு பெட்டியில் இருந்தால் பல அளவுகளின் வேலையைச் செய்யும்.

கிரில்லும் அறைக்கதவும்

நம் ஊர் வீடுகளில் மரக்கதவுக்கு முன் கிரில், கிரில்லில் தொங்கு பூட்டு. 40 மி.மீ. பூட்டும் 50 மி.மீ. பூட்டும் போதும் என்றுதான் தோன்றும். தீர்மானிப்பது வளையம்தான். 50 மி.மீ. பூட்டின் வளையம் ஏறக்குறைய 8 மி.மீ. தடிப்பு. பழைய கிரில்லில் பலமுறை பெயிண்ட் அடித்துச் சுருங்கிய கொண்டித் துளையில் அது நுழையாது. வட்ட அரம் ஒன்று வைத்திருந்தால் 40-க்கு இறங்க வேண்டியதில்லை. நீள வளையப் பூட்டு ஒன்று கட்டாயம், சங்கிலி சுற்றிய கேட்டுக்கு அது இல்லாமல் ஆகாது. முன் கிரில், பின் கிரில், கேட் மூன்றுக்கும் ஒரே சாவி கேட்பார்கள். ஒரே சாவித் தொகுப்பாக நான்கு பூட்டு வைத்தால் நாலாவது அதே வீட்டுக்கு உபரியாக நிற்கும். கடலோரத்தில் துருப்பிடிக்காத எஃகு வளையம் நல்லது, ஆனால் அது கடினப்படுத்திய எஃகைவிட மென்மையானது என்பதைச் சொல்லியே கொடுங்கள்.

ஜார்ஜ் டவுன் மரபுடைமைப் பகுதிக் கடைவீடுகளின் பழைய மரக்கதவுகளில் புதுத் துளை போட வேண்டாம். இருக்கும் கொண்டிக்கு ஏற்ற தொங்கு பூட்டோடு நிறுத்துங்கள்.

அறைக்கதவின் உருண்டைப் பூட்டுக்கு 60/70 மாற்றத்தக்க தாழ்நாக்கு போதும். குழாயைத் திருப்பி 70-க்கு நீட்டும்போது முழுதாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம் வர வேண்டும். இல்லையேல் சில வாரத்தில் ஆட்டம் கண்டு நாக்கு உள்ளேயே தங்கும்.

பெட்டியில் என்ன வைப்பது

எங்கள் தேர்வு கலவைதான். அடிக்கடி வரும் வேலைகளை நிலையான அளவும், அபூர்வமான அளவுகளை மாடுலரும், வாடகை வீடுகளைப் பின்கள் உள்ள பெட்டியும் பார்த்துக்கொள்ளட்டும். இரு பக்கச் சாவி 30/30 மூன்று, 35/35 இரண்டு. திருகுபிடி வகையில் 30/30 மூன்று, 35/35 இரண்டு, 30/40 ஒன்று. எல்லாம் வெள்ளி நிறம், பித்தளை நிறம் கேட்டால் ஆர்டர். மாடுலர் தொகுப்பு ஒன்று, 50 வரை நீளும்படி. தொங்கு பூட்டில் 50 நான்கு, 40 இரண்டு, நீள வளையம் ஒன்று. 50 மி.மீ. பூட்டு ஒன்றே ஏறக்குறைய 300 கிராம் இருக்கும் என்பதால் இதற்கு மேல் ஏற்ற வேண்டாம். தாழ்நாக்கு மூன்று. எம்5 திருகு 75 மி.மீ. நீளத்தில் பத்து, அலுமினியக் கதவுக்கு வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய முனையை அரத்தால் தேய்க்காமல் போட்டால் சிலிண்டரின் மரை கெடும்.

கேஸ்களை வீட்டு அலமாரியிலோ, பழகிய இரும்புச் சாமான் கடையிலோ விடுங்கள். தீவிலும் செபராங் பிறையிலும் வேலை எடுப்பவர் கரைக்கொரு கடையோடு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. வேன் வைத்திருப்பவர் இந்த எண்ணிக்கைகளை இரட்டிப்பாக்கலாம், அளவு வகைகளைக் கூட்ட வேண்டாம். மூன்று மாதம் தொடாத உறை பெட்டியிலிருந்து அலமாரிக்குப் போகட்டும். அதன் இடத்தில் இன்னொரு 30/30.