‘சிலோன் நீலம்’ என்று வாயால் சொல்வார்கள், பில்லில் ‘ப்ளூ ஸ்டோன்’ என்று எழுதுவார்கள்

அம்மாவுக்கு அறுபது வயது நிறைந்தபோது ஒரு ஜோடி நீலக்கல் தோடு வாங்கிக் கொடுத்தேன். பதினான்கு மாதங்களில் அந்த இரண்டு கற்களும் வெளுத்துப்போய், உள்ளே வலை பின்னியது போலக் கோடு கோடாகத் தெரிகின்றன. கல்லுக்கு மட்டும் 54,000 ரூபாய் கொடுத்திருந்தேன். நகை வாங்கப் போகிறவர்கள், முக்கியமாகத் தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ கல் வைத்த நகை பார்த்துக்கொண்டிருப்பவர்கள், இதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

வாங்கிய இடம் சின்னக் கடை இல்லை. மூன்று மாடி, ஏசி, உட்கார்ந்ததும் பாதாம் பால். விற்பனையாளர் தட்டை முன்னால் வைத்து, “சிலோன் நீலம் மேடம், ரத்னபுரியிலிருந்து வருவது, இயற்கைக் கல், ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாது” என்றார். கல் அவ்வளவு தெளிவாக, ஆழமான நீலமாக இருந்தது. ஒன்றரை கேரட் எடை வீதம் இரண்டு கல், கேரட் 18,000 ரூபாய். “சர்டிபிகேட் உண்டா?” என்று கேட்டேன். தோட்டின் பின்பக்கம் இருந்த ஹால்மார்க் முத்திரையைக் காட்டி, “இதைவிடப் பெரிய சர்டிபிகேட் என்ன வேணும், கவர்ன்மென்ட் முத்திரை” என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஹால்மார்க்கும், அதோடு வரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி அடையாள எண்ணும் தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகை எத்தனை கேரட் சுத்தமான தங்கம் என்று தெரியும். பதித்திருக்கும் கல் நீலமா, கண்ணாடியா என்பதைப் பற்றி அந்த முத்திரை ஒரு வார்த்தையும் சொல்லாது.

அம்மாவுக்கு முதலில் தயக்கம்தான். நீலம் எல்லோருக்கும் ஆகாது, சனிக்குரிய கல், மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். அப்புறம் போட்டுக்கொண்டார். ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. போன ஆடியில் ஒரு தோட்டின் தண்டு திருகாணிக்குப் பக்கத்தில் ஒடிந்துவிட்டது.

எங்கள் குடும்பத்துக்கு முப்பது வருஷமாக நகை செய்துதரும் பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்டது, “ஏம்மா, கல்லு அசல்தானே? ஆசிட்ல போடலாமா?” என்றுதான். “அசல் நீலம் ஐயா, பெரிய கடையில் வாங்கியது” என்றேன். அவர் கல்லைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்டைப் பற்றவைத்தார். மறுபடி கல்லைப் பதித்து, ஜோடி ஒரே மாதிரி பளிச்சென்று இருக்கட்டும் என்று இரண்டையும் ஆசிட் தண்ணீரில் போட்டு எடுத்தார். அசல் நீலம் அதற்கெல்லாம் அசையாது. இவை இரண்டும் எடுக்கும்போதே வெள்ளை பூத்திருந்தன.

நான் பத்தரைத்தான் திட்டினேன். கல்லை மாற்றிவிட்டீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. தோட்டை ஒரு தாளில் மடித்துக் கொடுத்து, “எங்கயாவது டெஸ்ட் பண்ணிப் பாரும்மா” என்றார். அந்த மனுஷர் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சொந்தக்காரர்கள் வேறு மாதிரி ஆறுதல் சொன்னார்கள். நீலம் ஒத்துக்கொள்ளவில்லை, வரவிருந்த கஷ்டத்தைக் கல் வாங்கிக்கொண்டது என்றார்கள். இந்தப் பேச்சை நம்பிப் பேசாமல் இருந்துவிடும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஏமாற்றும் கடைக்கு இதைவிட வசதி வேறென்ன?

சென்னையில் ஒரு ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். அறிக்கையில் வந்தது இதுதான்: நீலக்கல், வெடிப்புகளில் கோபால்ட் கலந்த ஈயக் கண்ணாடி நிரப்பப்பட்டது. பரிசோதித்தவர் பொறுமையாக விளக்கினார். அடிப்படைக் கல் நிஜமான நீலம்தான், ஆனால் உள்ளே வெடிப்பு மண்டிய, நகைக்கே லாயக்கில்லாத கல். அதில் ஈயம் சேர்ந்த கண்ணாடியை உருக்கி வெடிப்புகளுக்குள் இறக்குகிறார்கள். இந்தக் கண்ணாடி ஒளியை ஏறக்குறைய நீலக்கல்லைப் போலவே வளைப்பதால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். அந்த ஆழமான நீலம் கோபால்ட்டிலிருந்து வருவது. ஆசிட் பட்டதும் கண்ணாடி அரித்து, வெடிப்பு வெளியே வந்துவிட்டது. ஆசிட்கூட வேண்டாம், எலுமிச்சைச் சாறே போதும் என்றார். இந்த வகைக் கல்லை விசாரித்தபோது ஒரு வியாபாரி சொன்ன விலை, கேரட்டுக்குச் சில நூறு ரூபாய்.

நிறமோ தெளிவோ கூட்ட ஏதாவது வேலை செய்த கல் எல்லாமே மோசடி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சந்தையில் வரும் நீலக்கற்களில் பெரும்பாலானவை நிறம் கூடுவதற்காகச் சூடேற்றப்பட்டவைதான். தொழிலில் இருப்பவர்கள் அதை ஒப்புக்கொள்கிறார்கள், அது நிலையானதும்கூட. ஆய்வகத்தில் வளர்த்த நீலமும் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியே பல குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. செயற்கை என்று சொல்லி, அந்த விலைக்கு விற்றால் அதில் ஒரு தப்பும் இல்லை. என்ன செய்த கல் என்பதை மறைத்ததுதான் தப்பு. அதை மறைத்ததால் அந்தக் கல்லை எப்படிப் பாதுகாப்பது என்பதும் எங்களிடமிருந்து மறைந்துபோனது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்தர் அதை ஆசிட் பக்கமே கொண்டுபோயிருக்க மாட்டார்.

கடைக்குப் போனேன். “நீங்க ஆசிட்ல போட்டுக் கெடுத்துட்டு வந்து எங்களைக் கேட்கறீங்களே மேடம்” என்றார் மேலாளர். அறிக்கையைக் காட்டியதும், பில்லை எடுத்து நீட்டினார். அதில் ‘ப்ளூ ஸ்டோன், 3 கேரட்’ என்று மட்டும் இருந்தது. சிலோன் இல்லை, நீலம் இல்லை, இயற்கை என்ற சொல்லும் இல்லை. “நாங்க பில்லில் அப்படி எழுதவே இல்லையே” என்றார்.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்வது இதைத்தான்: கடைக்காரர் வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ‘இயற்கை நீலக்கல், சூடேற்றியது, கண்ணாடி நிரப்பாதது’ என்று எழுதட்டும். எழுதத் தயங்கினால் பணத்தை எடுக்காதீர்கள். விலை உயர்ந்த கல் என்றால் கடைக்குச் சம்பந்தமில்லாத கூடத்தின் அறிக்கை வேண்டும், அதில் உள்ள எடையும் அளவும் உங்கள் கல்லோடு பொருந்த வேண்டும். பின்பக்கம் திறந்திருக்கும் ஓப்பன் செட்டிங்கில் வாங்குங்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி நிரப்பிய கல்லில் பல சமயம் வெடிப்புகளுக்குள் நீல மின்னலும் காற்றுக் குமிழும் தெரியும். கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்கு விலை போடுகிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே நீலக்கல் தோடு வைத்திருந்து, அது என்ன கல் என்று தெரியாவிட்டால், கண்ணாடி நிரப்பியது என்றே எண்ணி நடத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி மிதமான சோப்பு, குழந்தைகளின் பல் துலக்கும் பிரஷ், மெல்லிய துணி, அவ்வளவுதான். புளி, எலுமிச்சை, வினிகர் கூடாது. நகைக்கடைகளில் இலவசமாகச் செய்துதரும், ஒலி அதிர்வால் அழுக்கு நீக்கும் அல்ட்ராசானிக் குளியலும் நீராவியும் வேண்டாம். சாம்பிராணி, சென்ட், தலைக்கு எண்ணெய் எல்லாம் முடித்த பிறகு தோட்டைப் போடுங்கள். பழுது பார்க்கக் கொடுத்தால் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்புக் காட்ட வேண்டும், கல்லோடு ஆசிட்டில் போடக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். டான்சனைட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது பார்க்க நீலம் போலவே இருந்தாலும் மென்மையானது, சட்டென்று சூடு மாறினால் விரிசல் விடும். பச்சை கலந்த நீலக் கல்லான டர்காய்ஸ் எண்ணெயையும் வியர்வையையும் உறிஞ்சி நிறம் மாறும். எந்தக் கல்லானாலும் தனித்தனிச் சின்னப் பையில் வையுங்கள். நீலம் பக்கத்திலிருக்கும் முத்தைக் கீறும், வைரம் நீலத்தையே கீறும்.

நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். கடை அதே தொகைக்கு வேறு நகை எடுத்துக்கொள்ளச் சொன்னது. மறுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். இதற்கு இரண்டு வருஷக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். வாங்கும்போது விற்பனையாளர் வாட்ஸப்பில் அனுப்பிய கல்லின் படமும், அதற்குக் கீழே அவரே தட்டியிருந்த ‘ஒரிஜினல் சிலோன் நீலம்’ என்ற வரியும்தான் இப்போது என் கையில் இருக்கும் பெரிய சாட்சி.

அறிக்கை வந்த அன்றே பத்தர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அறிக்கையை வாங்கி, ஒரு நகல் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். இப்போது அது அவர் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நீலக்கல் கொண்டுவரும் எல்லோருக்கும் அதைக் காட்டிவிட்டுத்தான் வேலையை ஏற்றுக்கொள்கிறாராம். அம்மா தன் பழைய எட்டுக்கல் தோட்டையே போட்டுக்கொண்டிருக்கிறார்.