நேர்மாறு சார்பு காண மூன்று வழிகள்: எதை எப்போது எடுப்பது?

சேலத்தில் 35 டிகிரி செல்சியஸ் என்றால், 9/5-ஆல் பெருக்கி 32 கூட்ட, 95 டிகிரி பாரன்ஹீட். ஏற்காட்டு விடுதியில் தொங்கும் வெப்பமானி 68 டிகிரி பாரன்ஹீட் காட்டுகிறது, செல்சியஸில் எவ்வளவு? ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரே ஒரு விடை தரும் விதிதான் சார்பு; விடையிலிருந்து தொடங்கிய எண்ணுக்குத் திரும்புவதுதான் நேர்மாறு சார்பு. திரும்ப மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, படிகளைக் கடைசியிலிருந்து அவிழ்ப்பது. கடைசியாகக் கூட்டியதை முதலில் கழிக்கிறோம்: 68 − 32 = 36. பிறகு 36 × 5/9 = 20. ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது கடைசியாக வரும் 20-வது கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது முதலில் வருகிறதல்லவா, அதே வரிசை. மாணவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான்: பெருக்கலை முதலில் அவிழ்த்தால் சுமார் 5.8 என்ற தவறான விடை வரும். இன்னொரு குழப்பம், சார்பின் தலையில் போடும் −1. அது அடுக்கு அல்ல. 1-ஐச் சார்பால் வகுப்பது தலைகீழி, நேர்மாறு அல்ல.

தெரியாத மாறி ஒரே இடத்தில் இருக்கும்வரை இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் கொடுக்கும் எண் அ, கிடைக்கும் விடை உ எனும்போது, உ = (2அ + 3)/(அ − 1) என்று அ இரண்டு இடங்களில் வந்துவிட்டால் எந்தப் படியை முதலில் அவிழ்ப்பது?

அப்போது இரண்டாவது வழி, சமன்பாட்டைத் தீர்ப்பது. குறுக்கே பெருக்கினால் உஅ − உ = 2அ + 3. ‘அ’ உள்ளவற்றை ஒரு பக்கம் சேர்த்தால் அ(உ − 2) = உ + 3. ஆக அ = (உ + 3)/(உ − 2). உ = 2 என்பது வீச்சகத்திலேயே (சார்பு தரும் விடைகளின் தொகுப்பிலேயே) இல்லை; அதையும் சேர்த்து எழுத வேண்டும். முதலில் எழுத்துகளை இடம் மாற்றிக்கொள்ளும் பழக்கம் வெறும் இயற்கணிதக் கணக்குக்குச் சரி. வெப்பநிலைக் கணக்கில் வேண்டாம்: செல்சியஸுக்கான எழுத்து பாரன்ஹீட்டைக் குறிக்கத் தொடங்கி, அலகு குழம்பிவிடும்.

மூன்றாவது, வரைபடம். வரைபடத்தை உ = அ என்ற மூலைவிட்டக் கோட்டில் பிரதிபலித்தால் நேர்மாறு கிடைக்கும். துல்லியமான விடைக்கு இது உதவாது. ஆனால் நேர்மாறு இருக்கிறதா என்று இதைப்போல் எதுவும் சட்டென்று காட்டாது. சேலத்திலிருந்து ஏற்காடு போய்த் திரும்பும் பேருந்தின் உயரத்தை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை என்று கிடைமட்டக் கோடு வரைபடத்தை இரண்டு முறை வெட்டும். உயரத்தைச் சொன்னால் நேரத்தைச் சொல்ல முடியாது, நேர்மாறு கிடையாது. ஏற்றத்தை மட்டும் எடுத்தாலும், வழியில் ஐந்து நிமிடம் நின்றால் அந்தத் தட்டையான துண்டு கெடுத்துவிடும்.

உ = அ² + 4-க்கும் இதே சிக்கல்தான். மதிப்பகத்தை, அதாவது கொடுக்கக்கூடிய எண்களை, அ ≥ 0 என்று சுருக்கினால்தான் √(உ − 4) நேர்மாறாகும். சுருக்காமல் விட்டு, 13-ஐ மட்டும் போட்டுச் சோதித்தால் 3, மறுபடி 13. சரி என்று தோன்றும். −3-இலிருந்து தொடங்கினால் 13 போய் 3-இல் வந்து நிற்கும். அதனால் சோதனையை இரு திசையிலும் செய்யுங்கள்.